பாருங்க, ஆனா படிக்காதீங்க

என் மகள் மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று மழைப் பாடத்தை வாசித்த அன்று, கடலிலிருந்து கிளம்பிய நீராவி மேலே போய்க் குளிர்ந்து, "இந்தா வாரேன் மாமி, இட்லிச் சட்டிய எறக்கி வைங்க," என்று சொல்லிவிட்டு, மேகமாக மாறி மழையாகப் பெய்தது.

வகுப்பே சிரித்து உருண்டிருக்கிறது. அவளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தாலும் நிறுத்தவில்லை. மழை ஆற்றில் விழுந்து, ஆறு கடலில் சேர்ந்து, பாடம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்தாளாம்.

மத்தியானம் வகுப்பு ஆசிரியை போன் செய்தார். "செத்த ஸ்கூல் வரைக்கும் வந்துட்டுப் போறீங்களா மேடம்?" ராஜபாளையத்தில் ஒருவர் 'கொஞ்ச நேரம்' என்கிற 'செத்த'வை இவ்வளவு மென்மையாகச் சொன்னால் விஷயம் பெரியது என்று பொருள். பதறியடித்துப் பள்ளியில் போய் நின்றேன். ஆசிரியை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அதுக்கப்புறம் அடுத்த பக்கத்தத் திருப்பி வாசிக்கச் சொன்னேன் மேடம். நடத்தாத பாடம். அவளால ஒரு வரி வாசிக்க முடியல. ஒரு வரிகூட."

இங்கே நான் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பி.எட். முடித்தவள். அதில் குழந்தை உளவியலுக்கென்று தனியாக ஒரு தாள் உண்டு. நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். அந்தப் படிப்பின் பயனாக, மகள் முதல் வகுப்பு சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய பாடங்கள் அனைத்தையும் நானே வாசித்துப் போனில் பதிந்து வைத்தேன். காலையில் இட்லி வேகிற நேரம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து, ஒரு கையில் புத்தகமும் இன்னொரு கையில் கரண்டியுமாக வாசிப்பேன். நடுவில் மாமியார் கூப்பிட்டால் நான் சொல்கிற பதிலும் அதோடு பதிந்துவிடும். தலை பின்னும்போது கேட்பாள். ஸ்கூட்டியில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். சாயங்காலம் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே கடகடவென்று சொல்லுவாள். பிள்ளை வாசிக்கிறாள் என்று நான் நினைத்தேன். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த முறையை மற்றவர்களுக்கும் பரிந்துரை செய்தேன். நான்கு பேர் நன்றி சொன்னார்கள். அந்த நான்கு குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். "ஏட்டி, இட்லிச் சட்டி பாடத்துல வருமா? ஒனக்கே தெரியாதா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொன்ன?"

"அத விட்டா அடுத்தது மறந்துரும்மா."

எட்டு வயதுப் பிள்ளை. அவள் சொன்னது எனக்கு அன்று புரியவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தில் கையும் ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. அடிக்காததை இன்றுவரை எனக்கு நானே ஒரு நற்சான்றிதழாக வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் தலைமை ஆசிரியை என்னையும் என் கணவரையும் வரச் சொன்னார். இவர் கடையில் ஆளில்லை என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் என்றாலே இவருக்குக் கடையில் ஆள் இருக்க மாட்டார்கள். தனியாகப் போனேன். தலைமை ஆசிரியை நேராக விஷயத்துக்கு வந்தார். முழுப் பரீட்சை முடிந்ததும் அவரே மகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுவார். வாசித்தால் நான்காம் வகுப்பு. இல்லாவிட்டால் இன்னொரு வருடம் மூன்றாம் வகுப்பு. அதுவும் பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். "வயசு இருக்கும்மா, வருத்தப்படாதீங்க," என்றார். வருத்தப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால் உடனே கீழ்ப்படிகிற ஆளாக நான் இருந்திருந்தால் என் ரத்த அழுத்தம் எப்போதோ சரியாகியிருக்கும்.

கையில் நான்கு மாதங்கள் இருந்தன.

விஷயம் வெளியே தெரிந்ததும் வைத்தியங்கள் வந்து குவிந்தன. மாமி, அதாவது என் கணவரின் அம்மா, வல்லாரைக் கீரையில் தொடங்கினார். துவையல், தோசை, ரசம் என்று வீடே பச்சையாகிவிட்டது. மகள் பல்லெல்லாம் பச்சையாக உட்கார்ந்து 'க'வையும் 'த'வையும் மாற்றி மாற்றி வாசித்தாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தூரத்துப் பலகையில் இருந்த எழுத்துகளை அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை சொன்ன வரிசையில் அப்படியே ஒப்பித்தாள். டாக்டர் பாராட்டினார். நான்தான் வரிசையை மாற்றிக் கேளுங்கள் என்றேன். மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் காற்றில் விரலால் சரியாக வரைந்து காட்டினாள். பெயர் மட்டும் வரவில்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய கண்டுபிடிப்பு என் கணவரின் பெரியம்மா மகளுடையது. அவர் கல்யாண வீட்டுக்கு வந்த இடத்தில், பிரியாணிக்குக் காத்திருந்த நேரத்தில், தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஸ்கூல்ல இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வாசிக்கணும். சாயங்காலம் ஓதுற எடத்துல அரபிய அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வாசிக்கணும். பச்சப்பிள்ள மண்ட எம்புட்டுத்தான் தாங்கும்? நடுவுல முட்டிக்கிட்டு நிக்கிது."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எங்கள் தெருவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் இரண்டு பக்கமும் வாசிக்கிறார்கள், ஒருவருக்கும் மண்டை முட்டவில்லை என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுநாளே ஓதப் போவதை நிறுத்தினேன்.

அதுதான் நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம். மகளுக்கு உலகத்தில் முதலிடம் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். அங்கே ஓதிக் காட்டுவதை இரண்டு முறை கேட்டால் போதும், ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பித்துவிடுவாள். மற்ற பிள்ளைகளுக்கு இவளைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, அங்கே முதல் பாய். அந்தப் பாயை நான் உருவிவிட்டேன். மூன்று வாரம் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஓத வைக்கிற ஆலிமா ஒரு நாள் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார். "பிள்ளைய ஏன் அனுப்பல?"

நான் இடம், வலம், மண்டை முட்டல் எல்லாம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார். "அக்கா, அவ எங்கிட்ட எந்தப் பக்கமிருந்தும் வாசிக்கிறது கெடையாது. எழுத்தப் பாக்கவே மாட்டா. காதுல வாங்குவா. எழுத்துக்கூட்டச் சொன்னா அவளுக்கு வயித்து வலி வந்துரும். எனக்கு மொதல்லேயே தெரியும்."

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"நீங்க பி.எட். படிச்சவுக. ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டேன்."

என் படிப்பு இன்னும் யார் யார் வாயை அடைத்திருக்கிறதோ தெரியவில்லை. அவர்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பயிற்சி கொடுக்கிற ஒரு ஸ்பெஷல் டீச்சரைப் பற்றிச் சொன்னார். அவருடைய அக்கா மகன் அங்கே போகிறானாம். அன்று சாயங்காலமே மகளை ஓத அனுப்பினேன். திரும்பி வந்து என்னிடம் பேசினாள். "பசிக்குது," என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அது ஒரு பெரிய உரையாடல்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் கிளம்பினோம். ஆம், இவரும். இவர் வைத்திருப்பது செருப்புக் கடை. சனிக்கிழமை அங்கே கூட்டம் இருக்கும். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். நான் ஆச்சரியப்பட்டுக் கேட்டதற்கு, "பள்ளிக்கூடமில்லல்ல," என்றார். அதற்கு அர்த்தம் அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த டீச்சரின் இடம் ஒரு பால்கோவாக் கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே காய்ச்சுகிற பாலின் மணம் மூக்கை நிறைத்தது. வயிறு எரிகிற நேரத்தில் அதுவும் ஒரு சித்திரவதை. டீச்சர் மகளைத் தனியாகக் கூட்டிப்போய் ஒன்றரை மணி நேரம் ஏதேதோ செய்ய வைத்தார். வெளியே அட்டைகள் புரளும் சத்தமும் நடுநடுவே இரண்டு பேருடைய சிரிப்பும் கேட்டது. பரீட்சை வைக்கிறார்களா விளையாடுகிறார்களா என்று எனக்குக் கவலை. கடைசியில் மகளை வெளியே விட்டு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"டிஸ்லெக்சியா," என்றார்.

நான் நோட்டை எடுத்தேன். எனக்குப் பயம் வந்தால் நோட்டை எடுத்துவிடுவேன்.

"நோட்ட வைங்க. அந்த ஜன்னல் வழியா எதிர்க்கடை போர்டப் பாருங்க."

பார்த்தேன்.

"பாருங்க, ஆனா படிக்காதீங்க."

சிரித்தேன். பிறகு முயற்சி செய்தேன். முடியவில்லை. அது ஒரு பாத்திரக் கடையின் பலகை. கண் பட்டவுடன் கடையின் பெயர், உரிமையாளரின் பெயர், 'பழைய பித்தளைக்கு நல்ல விலை' எல்லாம் தானாகவே மண்டைக்குள் சத்தமாக ஓடிவிட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அப்போதும் படித்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். சாய்ந்தபடியே படித்தேன்.

"முடியாதுல்ல? ஒங்க மூளைக்குப் பழகிப்போச்சு. எழுத்தப் பாத்த நொடியில சத்தம் வந்துரும், சத்தத்தோட அர்த்தமும் வந்துரும். வேண்டாம்னாலும் நிக்காது. ஒங்க பிள்ளைக்கு அது தானா நடக்கிறதில்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் அவ தேடிப் போயி சத்தத்தக் கூட்டிட்டு வரணும்."

அதன் பிறகு அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பேசுவதற்கு மூளையில் பிறவியிலேயே ஏற்பாடு உண்டு. வாசிப்பதற்குக் கிடையாது. மனிதன் எழுத ஆரம்பித்து மூளைக்கணக்கில் ரொம்ப நாள் ஆகவில்லை. அதனால் ஒவ்வொரு குழந்தையும் வாசிக்கப் பழகும்போது, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் கண்டுகொள்கிற பகுதியில், மண்டையின் இடப்பக்கம் பின்புறமாக, கொஞ்சம் இடத்தை எழுத்துக்கென்று பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து சத்தத்தைக் கையாளுகிற பகுதிக்கு ஒரு வழி உண்டாகிறது. நடக்க நடக்க அந்த வழி அகலமாகி, பிறகு நாம் நடப்பதே தெரியாமல் போய்விடுகிறது. என் மகள் மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்த வழி எளிதில் திறப்பதில்லை. சொல்லுக்குள் இருக்கிற சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுத்தோடு கோப்பதில்தான் சிக்கல். நமக்குப் பின்பக்கம் தானாக முடிகிற வேலையை அவர்கள் மூளையின் மற்ற பகுதிகளையும் கூப்பிட்டு, சுற்றுவழியில் செய்கிறார்கள். ஒரு பத்தி வாசித்ததும் சோர்ந்து போவது சோம்பேறித்தனத்தால் அல்ல, உழைப்பால்.

"அப்ப அரபி?" என்று கேட்டேன்.

"அரபி என்ன பண்ணுச்சு பாவம்?"

"வலமும் இடமும் கொழம்பிப் போயி..."

"நீங்க ஒண்ணு. கொழப்பம் இருந்தா எந்த எழுத்துலயும் இருக்கும். தமிழ்லயே 'கெ' எழுதும்போது கொம்ப முன்னாடி போடுறோம், சத்தம் பின்னாடி வருது. அதுக்காகத் தமிழ நிறுத்திருவீங்களா?"

இவர் முதல்முறையாக வாய் திறந்தார். "எங்கடையில நூறு செருப்பக் கொட்டுனாலும் எடது வலது பாத்து ஜோடி சேத்துருவா டீச்சர். ஒருநாளும் மாத்துனதில்ல."

"பாத்தீங்களா," என்று டீச்சர் என்னைப் பார்த்தார். மூன்று வாரம் பிள்ளையை ஓத விடாமல் வைத்திருந்த நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு டீச்சர் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா? பெரும்பாலும் இருக்கும்."

"இல்லவே இல்ல," என்றேன் உடனே. என் பக்கத்தில் யார் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று அண்ணன் தம்பி வரைக்கும் பட்டியல் போட்டேன். இவர் பக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர் மேசையில் கிடந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தது தப்பு. ராஜபாளையம் வரைக்கும் என்னால் படிப்பதை நிறுத்த முடியவில்லை. மூலம், பௌத்திரம். அட்வான்ஸ் புக்கிங் செய்யப்படும். கண்ணீர் அஞ்சலி. காது குத்துக்கு வருகை தரும் தாய்மாமனே. இங்கு குப்பை கொட்டாதீர். எல்லாம் வரிசையாக என் மண்டைக்குள் வந்து கத்திவிட்டுப் போயின. மகள் இன்னொரு ஜன்னலில் ஒன்றும் கத்தாத ஓர் ஊரை நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டில் மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பேரக் கேட்டா டைபாய்டு மாதிரியில்ல இருக்கு," என்றார். "மருந்து உண்டா?"

"மருந்து கிடையாது மாமி. பயிற்சிதான்."

"மருந்தில்லன்னா அது நோயில்லட்டி. வெளிய ஒருத்தர்ட்டயும் சொல்லாத. நாளைக்கிப் பொண்ணு கேட்டு வாரவுக காதுல விழுந்தா?" எட்டு வயதுப் பிள்ளையைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்காக நாங்கள் இப்போதே குரலைத் தாழ்த்தினோம்.

பயிற்சி தினமும் இருபது நிமிடம். ஒரு சத்தம், ஒரு எழுத்து. வாயால் சொல்லிக்கொண்டே தவிடு பரப்பிய தட்டில் விரலால் எழுத வேண்டும். சொல்லைக் கைத்தட்டிப் பிரிக்க வேண்டும். பிறகு பார்க்காத வரி ஒன்றைத் தானாக வாசிக்க வேண்டும். பதிவுகள் கூடாது. சமூக அறிவியலுக்கு வேண்டுமானால் கேட்கலாம், வாசிப்புக்குக் கூடாது. மகளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. மெதுவாக, எறும்பு மாதிரி, செய்தாள். கஷ்டம் எனக்குத்தான். அவள் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து நிற்கும்போது அந்தச் சொல் என் தொண்டையில் வந்து நிற்கும். இரண்டு நொடி பொறுப்பேன். மூன்றாவது நொடியில் வாய் தானாகச் சொல்லிவிடும்.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரிக்காமல் சொன்னார். "அவ வாசிக்கும்போது வாய் நெறயத் தண்ணிய வச்சுக்கிட்டு உக்காருங்க. அவ முடிச்ச பொறவு முழுங்குங்க."

செய்தேன். கன்னம் இரண்டும் உப்பலாக, கண் பிதுங்க, தினமும் இருபது நிமிடம். வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டக்கா, "பல்வலியாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஒருமுறை மகள் 'பட்டம்' என்ற சொல்லைத் தானாக வாசித்தபோது சந்தோஷத்தில் தவிட்டுத் தட்டின்மேல் துப்பிவிட்டேன். நோன்பு மாதம் வந்தது. பகலில் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ள வழியில்லை. துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மாதத்தில் மூன்று துப்பட்டாக்கள் ஓட்டையாயின.

ஆனால் முன்னேற்றம் இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தினமும் சந்தேகம்தான். முதல் வாரம் ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். பரீட்சை நெருங்கும்போது ஒரு வரிக்கு ஒரு நிமிடம். டீச்சர் மகிழ்ந்தார். நான் அதைத் துணைப்பாடத்தின் மொத்த வரிகளால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தேன்.

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் மத்தியானம் வகுப்பு ஆசிரியை போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்குத்தான மேடம் ஹெச்.எம். பாக்கப்போறாங்க? நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. கடைசித் துணைப்பாடம். மொதல் ரெண்டு பத்திதான். பாவம் மேடம், பிள்ள நல்ல பிள்ள."

நல்ல மனுஷி. இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன். துணைப்பாடம் இன்னும் பதியாத பாடம். இரண்டு பத்தி. இரண்டு நிமிட வேலை. மகளுக்கு இரண்டு முறை கேட்டால் போதும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பொய். அதுவும் என் பொய்தான், அவளுடையதில்லை. நான்காம் வகுப்புக்குப் போய்விட்டால் பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். போனை உப்பு ஜாடியில் சாய்த்தேன். தொண்டையைக் கனைத்தேன். முதல் வரியை வாசித்தேன்.

அந்த நேரம் பார்த்து இவர் சாப்பிட வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"என்ன பண்ணுத?"

சொன்னேன். எப்படியும் தலையாட்டுவார் என்று நினைத்தேன். பிள்ளை படிப்பு விஷயத்தில் இவர் எப்போதும் தலையாட்டுவதோடு சரி. இவர் எட்டிப் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினார்.

"வேணாம்."

"ஒரு நாளைக்குத்தான மச்சான்."

"நானும் ஒரு நாளைக்குன்னுதான் ஆரம்பிச்சேன்." தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "எங்கக்கா வாசிச்சுக் காட்டும். நான் கேட்டு மனப்பாடம் பண்ணிருவேன். அப்பிடியே எட்டாப்பு வரைக்கும் ஓட்டுனேன். ஒம்பதுல ஒரு புது வாத்தியார் வந்தாரு. அன்னைக்கி வந்த பேப்பரக் குடுத்து, வாசிலேன்னாரு. நாப்பது பேரு முன்னாடி நின்னேன். அன்னைக்கி வெளிய வந்தவந்தான். பொறவு பள்ளிக்கூடத்து வாசல மிதிக்கல."

எனக்குத் திருமணமாகிப் பத்து வருடம். பேங்கு பாரம் எல்லாம் நான்தான் நிரப்புவேன். 'உன் கையெழுத்து அழகா இருக்கு' என்பார். அதை நான் காதல் என்று எண்ணியிருந்தேன். கடையில் சரக்கைப் பெட்டியின் நிறத்தை வைத்தும் எண்ணை வைத்தும் கண்டுபிடிப்பார். அதைத் தொழில் திறமை என்று எண்ணியிருந்தேன். திடீரென்று எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

"நிச்சயம் ஆன பொறவு ஒங்களுக்குப் பக்கம் பக்கமா வாட்ஸ்அப்புல எழுதுனேனே. நீங்ககூட ஒத்த பூ மட்டும் அனுப்புவீகளே. அதெல்லாம்?"

இவர் சோற்றைப் பிசைந்தார். "போன்லயே வாசிச்சுச் சொல்லுற வசதி இருக்குல்ல."

"யாரு வாசிச்சா?"

"மிஷினுதான். ஒரு பொம்பளக் கொரலு. நல்லாத்தான் வாசிச்சுச்சு."

என் இளமையின் அத்தனை உருக்கத்தையும் ஒரு மிஷின், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, இவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சோற்றுப் பானையைத் திறந்து திறந்து மூடினேன். இவர் சிரித்துவிட்டார். பிறகு நானும்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல டீச்சர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீதான் சொல்ல விடலையே. ஒங்கண்ணன் பி.ஈ.ன்னு ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "அவ நாளைக்கி நிக்கட்டும். மூணாப்புலயே இருந்தாலும் பரவாயில்ல. நானும் வாரேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியையின் அறை. இவர் வேட்டி சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைமை ஆசிரியை மேசைமேல் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தார். கடைசித் துணைப்பாடத்தைத் திருப்பினார்.

"மேடம், பாடப்புத்தகம் வேணாம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "அதுல எத அவ மனப்பாடமாச் சொல்லுவா, எத வாசிப்பான்னு எனக்கே தெரியாது. அவ பாக்காத எதையாச்சும் குடுங்க."

சொல்லி முடித்த நொடியிலேயே என்ன காரியம் செய்தோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். தலைமை ஆசிரியை என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து மெல்லிய கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அட்டையில் ஓர் அணிலும் ஒரு மாதுளம்பழமும் இருந்தன. மகள் முன்னால் முதல் பக்கத்தை விரித்து வைத்தார்.

மகள் விரலை வைத்தாள். முதல் சொல்லில் நின்றாள். எனக்குத் தொண்டையில் அந்தச் சொல் ஏறியது. கதவோரம் நின்ற வகுப்பு ஆசிரியைக்கும் ஏறியது, அவர் உதடு அசைந்தது தெரிந்தது. தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றார். இவரை மட்டும் விட்டுவிட்டார். இவரால் சொல்லிக்கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சரியான ஆளைத்தான் உள்ளே வைத்தார்.

நான் வராந்தாவில் நின்றேன். சுவரில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். கை கழுவும் முறைகள் ஆறு. காலை வணக்கத்தின் ஒழுங்குகள். கட்டணம் செலுத்த வேண்டிய நேரம். இரண்டு முறை படித்தேன். உள்ளே மகளின் குரல் ஒவ்வொரு துண்டாகக் கேட்டது. நின்றது. மறுபடி வந்தது. ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, திரும்பிப் போய்த் திருத்தினாள். பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அழுகிறாளோ என்று ஜன்னல் பக்கம் போனேன். அழவில்லை. தலைமை ஆசிரியை, "போதும்மா, ஒரு பக்கம்தான்," என்று புத்தகத்தை எடுக்கப் போனார். மகள் புத்தகத்தை விடவில்லை.

"செத்த இருங்க மிஸ்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

இவர் சுவரோரம் உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எங்களை உள்ளே கூப்பிட்டபோது மகள் முகம் வேர்த்திருந்தது. தலைமை ஆசிரியை என்னிடம்தான் பேசினார். "ரொம்ப மெதுவா வாசிக்கிறா. ஆனா வாசிக்கிறா. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டா. நாலாம் வகுப்புக்குப் போகட்டும். பரீட்சையில கேள்விய மிஸ் வாசிச்சுச் சொல்லுவாங்க, நேரமும் கூடத் தாரோம். ஆனா இவளுக்கு என்ன இருக்குன்னு நீங்க எழுத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

எழுத்தில். வெளியே சொல்லாதே என்று மாமி சொன்ன அந்தச் சொல், என் கையெழுத்தில், பள்ளிக்கூடத்துக் கோப்பில். இவரைப் பார்த்தேன். "எழுது," என்றார். "எழுதி எங்கிட்டக் குடு, நானும் கையெழுத்துப் போடுதேன்." எழுதினேன். இரண்டு தாள் பிழையாகப் போயிற்று, மூன்றாவது சரியாக வந்தது. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்ற கவலை இப்போதும் இருக்கிறது. மாமி இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தபோது கேட்டேன். "கதை என்னட்டி?"

"அணிலு ஒண்ணு இருக்கு. அதுக்கு மரத்துல ஒரு மாதுளம்பழம் தெரியுது. பழுக்கவே இல்ல, அதுக்குள்ள எல்லாத்துக்கும் பங்கு தாரேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. காக்காய்க்குப் பாதி, ஓணானுக்குப் பாதி, எலிக்குப் பாதி."

"மூணு பாதியா?"

"அதான, லூசு அணிலு."

"சரி, பழுத்த அன்னைக்கி எல்லாரும் வந்தாகளா?"

"வந்தாக."

"வந்து?"

அவள் அத்தாவின் வண்டியில், இவருக்குப் பின்னால், ஏறி உட்கார்ந்துகொண்டாள். இன்றுவரைக்கும் அந்தக் கதை எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"பொறவு என்னாச்சுட்டி? சொல்லேன்."

"புக்கு ஹெச்.எம். மிஸ் அலமாரியில இருக்கும்மா," என்றாள். "நீயே போயிப் படிச்சுக்கோ."